வில்வேட்டையில் எய்யத் தகுந்த தொலைவு: மான் மீது அம்பு விடுமுன் கணிக்க வேண்டியவை

வில்வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை கஜம் வரை எய்யலாம் என்பதுதான். அனுபவசாலிகளில் ஒருவர் 20 என்பார், இன்னொருவர் 40 என்பார், வில் விற்பவர் 60-க்கும் தயங்கமாட்டார். இந்த எண்கள் எல்லாம் வேறொருவரின் கையிலிருந்தும் வேறொரு வில்லிலிருந்தும் வந்தவை என்பதால் உங்களுக்குப் பயன்படாது. உங்களுக்கான எண்ணை நீங்களே அளந்து கண்டுபிடிக்க வேண்டும். வேட்டைக்குக் கிளம்புமுன் அதை முடிவு செய்துவிட வேண்டும். காட்டுக்குள் நுழைந்த பிறகு அந்த எண் சூழ்நிலைக்கேற்பக் குறையலாமே தவிர, எந்தக் காரணத்துக்காகவும் கூடக் கூடாது. இந்த வழிகாட்டி அந்த எண்ணை எப்படி அளப்பது, எப்போது எவ்வளவு குறைப்பது என்பதைப் பற்றியது.

இங்கே பேசப்படுவது வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானை, உரிமம் பெற்று, பருவகாலத்தில், வில்லால் வேட்டையாடுவதைப் பற்றி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். பிரிட்டனில் வில்லால் மானை வேட்டையாட அனுமதி இல்லை. அமெரிக்காவிலும் வில்லின் குறைந்தபட்ச இழுவிசை, அம்புமுனையின் அகலம், எய்யலாம் என்று அனுமதிக்கப்பட்ட நேரம் ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. அந்த விதிகளைப் படித்துவிட்டே மேற்கொண்டு செல்ல வேண்டும். வில்லில் பொருத்தும் குறிகாட்டிகளும் தூரமானிகளும் பெரும்பாலும் கஜத்தில் இருப்பதால் கஜத்தையே பயன்படுத்துகிறேன்: 1 கஜம் என்பது 3 அடி, ஏறத்தாழ 0.91 மீட்டர்.

பிழைக்கு இருக்கும் இடம்: 4 அங்குலம்

தோட்டா உடலுக்குள் பாயும்போது பெரும் அதிர்ச்சியையும் ஏற்படுத்துகிறது. அம்புக்கு அந்த வலிமை கிடையாது. பிராட்ஹெட் எனப்படும் வேட்டைமுனையின் கூர்மையான தகடுகள் இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் அறுப்பதால்தான் மான் இறக்கிறது. இரு நுரையீரல்களும் சரியாக அறுபட்ட மான் பெரும்பாலும் சில நொடிகளில் நினைவிழந்து விழுந்துவிடும். அதே அம்பு ஓர் அடி பின்னால் வயிற்றில் பட்டால், மான் பல மணி நேரம் உயிரோடு துன்பப்படும். அதைக் கண்டுபிடிக்க முடியாமலே போகவும் கூடும். ஆகவே தொலைவைப் பற்றிய அறம் முழுவதும், அம்பு சரியாக எங்கே படும் என்பதில் அடங்கியிருக்கிறது.

பக்கவாட்டில் நிற்கும் வளர்ந்த வெள்ளைவால் மானில் இதயமும் நுரையீரல்களும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ 8 முதல் 10 அங்குல அகலமுள்ள ஒரு வட்டம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்ப்பாதியில் அது அமைந்துள்ளது. அதற்கு முன்னே தோள் எலும்பு, மேலே முதுகெலும்பும் அதை ஒட்டிய தசையும், பின்னே கல்லீரல், அதற்கும் பின்னே இரைப்பையும் குடலும் இருக்கின்றன. வட்டத்தை 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், நடுப்புள்ளியிலிருந்து எந்தப் பக்கமும் 4 அங்குலம்தான் உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் கை நடுக்கம், தூரத்தைத் தவறாக மதிப்பிட்டது, அம்பு வந்து சேர்வதற்குள் மான் அசைந்தது ஆகிய மூன்றும் இந்த 4 அங்குலத்தைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. சில நாள் இவை ஒன்றையொன்று ஈடுகட்டும். மூன்றும் ஒரே பக்கம் சேரும் நாளும் வரும். அந்த நாளுக்காகத்தான் கணக்குப் போட வேண்டும்.

முதல் படி: அன்றைய முதல் அம்பை மட்டும் அளப்பது

பயிற்சித் திடலில் கை சூடேறிய பிறகு எய்யும் அம்புகள் உங்கள் திறமையின் உச்சத்தைக் காட்டும். மான் வந்து நிற்கும்போது உங்களிடம் இருப்பதோ குளிரில் அசையாமல் உட்கார்ந்து மரத்துப்போன தோள்களும், ஒரே ஒரு அம்பும். ஆகவே அளக்க வேண்டியது அன்றைய முதல் அம்பை.

6 அங்குல விட்டமுள்ள ஒரு காகிதத் தட்டைப் பயிற்சி இலக்கில் ஒட்டுங்கள். மானின் உயிர்நிலைப் பகுதி 8 அங்குலம் இருக்கும்போது தட்டு ஏன் 6 அங்குலம் என்றால், மீதி இடம் மற்ற இரண்டு பிழைகளுக்காக ஒதுக்கப்பட வேண்டும். வேட்டைக்கு அணியும் அதே மேலாடை, அதே கையுறை, அதே முதுகுப்பட்டை ஆகியவற்றை அணிந்துகொண்டு, எந்த முன்பயிற்சியும் இல்லாமல், 20 கஜத்திலிருந்து ஓர் அம்பு எய்யுங்கள். பட்ட இடத்தைக் குறித்துவைத்துவிடுங்கள். அதன் பிறகு அன்று எவ்வளவு வேண்டுமானாலும் பயிற்சி செய்யலாம், ஆனால் அவை கணக்கில் வராது. நாள்கள் செல்லச் செல்ல இந்த முதல் அம்புகள் மட்டுமே சேர்ந்த ஒரு பட்டியல் உருவாகும். ஒரு தொலைவில் தொடர்ந்து 10 முதல் அம்புகளும் தட்டுக்குள் விழுந்தால் 5 கஜம் பின்னே செல்லுங்கள்; ஒன்று வெளியே போனாலும் முன்பிருந்த தொலைவுக்குத் திரும்புங்கள். பத்தில் எட்டு நல்ல மதிப்பெண்ணாகத் தோன்றலாம். உயிருள்ள இலக்கின் மீது எய்யும்போது அதன் பொருள், ஐந்து மான்களில் ஒன்று காயத்தோடு ஓடும் என்பதே.

நின்றபடி எய்வது மட்டும் போதாது. மண்டியிட்டும், நாற்காலியில் உட்கார்ந்தும், உயரத்திலிருந்து கீழ்நோக்கியும் எய்து பாருங்கள். மரப்பரணில் வேட்டையாடுபவர் பாதுகாப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டே பயிற்சி செய்ய வேண்டும். உடலைத் திருப்பும்போது அந்தப் பட்டை தோளை எங்கே பிடித்து இழுக்கிறது என்பது தரையில் நின்று எய்பவருக்குத் தெரியவே தெரியாது. எந்த நிலையில் உங்கள் அளவு மிகக் குறைவாக வருகிறதோ அந்த நிலைக்கு அந்த அளவுதான்.

இன்னொன்று: பயிற்சிமுனைகளும் வேட்டைமுனைகளும் எடையில் ஒன்றாக இருந்தாலும் ஒரே இடத்தில் படும் என்று நம்பக் கூடாது. வேட்டைமுனையின் தகடுகள் காற்றைப் பிடிப்பதால், வில்லின் அமைப்பில் உள்ள சிறு கோணலையும் அவை பெரிதாக்கிக் காட்டும். கடைசிச் சில வாரங்களின் முதல் அம்புகள் வேட்டைமுனையோடுதான் இருக்க வேண்டும். பயிற்சிக்குப் பயன்படுத்திய தகடுகளை வேட்டைக்கு எடுத்துச் செல்லுமுன் மாற்றிவிடுங்கள் அல்லது தீட்டிவிடுங்கள்.

60 கஜத்தில் பயிற்சி செய்வதை நான் மறுக்கவில்லை. தொலைவில் பயிற்சி செய்தால் உங்கள் எய்முறையில் உள்ள குறைகள் பெரிதாகத் தெரியும். 20 கஜம் எளிதாகிவிடும். ஆனால் அசையாத இலக்கு தரும் தன்னம்பிக்கையை அப்படியே காட்டுக்குள் கொண்டுபோகிறவர்களே அதிகமாக மான்களைக் காயப்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: 5 கஜப் பிழையின் விலையைத் தெரிந்துகொள்வது

அம்பு நேர்கோட்டில் செல்வதில்லை. புறப்பட்ட கணத்திலிருந்தே கீழே விழுந்துகொண்டிருக்கிறது. நொடிக்கு 280 அடி வேகத்தில் எய்யும் காம்பவுண்டு வில்லை, அதாவது முனைகளில் கப்பிகள் பொருத்திய நவீன வில்லை, எடுத்துக்கொள்வோம். மான் 20 கஜத்தில் நிற்கிறது என்று நினைத்து எய்கிறீர்கள், உண்மையில் அது 25 கஜத்தில் நிற்கிறது என்றால் அம்பு ஏறத்தாழ 3 அங்குலம் தாழ்வாகப் படும். இதே 5 கஜப் பிழை 30 கஜத்தில் ஏறத்தாழ 4 அங்குலமாகவும், 40 கஜத்தில் 5 அங்குலமாகவும், 50 கஜத்தில் 6 அங்குலமாகவும் வளர்கிறது. காற்றின் தடையைச் சேர்க்காத கணக்கு இது. சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். அதாவது 30 கஜத்திலேயே, உங்கள் கை சிறிதும் ஆடாவிட்டாலும் கூட, தூரத்தை 5 கஜம் தவறாக மதிப்பிட்டால் உங்களுக்குரிய 4 அங்குலமும் தீர்ந்துவிடுகிறது.

முனைகள் வெளிப்புறம் வளைந்த ரீகர்வ் வில்லோ கப்பிகள் இல்லாத மற்ற மரபு வில்லோ பயன்படுத்துபவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். நொடிக்கு 180 அடி வேகத்தில் செல்லும் அம்புக்கு, 20 கஜத்தில் செய்யும் 5 கஜப் பிழையே 6 அங்குலத்துக்கு மேல் ஆகிவிடும். மரபு வில்லாளர்கள் 15, 20 கஜத்துக்குள் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

கண்மதிப்பை நம்ப வேண்டாம் என்பதே இதன் பொருள். வெட்டவெளியில் நிற்கும் மான் அருகில் இருப்பது போலவும், அடர்ந்த மரங்களுக்கிடையே நிற்கும் மான் தொலைவில் இருப்பது போலவும் தோன்றும். அந்தி வெளிச்சம் இரண்டையும் குழப்பிவிடும். லேசர் தூரமானி இதற்கு நல்ல தீர்வுதான், ஆனால் மான் வந்த பிறகு அதை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்க்க நேரம் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பரணில் ஏறியவுடன், மான் வருவதற்கு முன்பே, சுற்றிலும் உள்ள அடையாளங்களை அளந்துவிட வேண்டும்: அந்தக் கவைமரம் 18, சாய்ந்து கிடக்கும் கட்டை 24, பாறையின் இடப்பக்க முனை 31. பிறகு உங்கள் எல்லைக்குள் அடங்கிய அடையாளங்களை மட்டும் மனத்தில் ஒரு வேலியாகக் கட்டிக்கொள்ளுங்கள். மான் வரும்போது "எத்தனை கஜம்" என்று யோசிக்க வேண்டியதில்லை. வேலிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

மூன்றாம் படி: மானுக்குக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிடுவது

பெரும்பாலான வழிகாட்டிகள் விரைந்து கடந்துவிடும் இந்தப் பகுதியில்தான் தொலைவின் உண்மையான எல்லை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,125 அடி செல்கிறது. எவ்வளவு வேகமான வில்லாக இருந்தாலும், அம்பு போய்ச் சேர்வதற்கு வெகு முன்பே நாணொலி மானின் காதை எட்டிவிடும். அந்த ஒலியைக் கேட்ட மான் ஓடத் தயாராகும்போது முதலில் செய்வது கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துவது. தாழ்ந்தால்தான் தாவ முடியும். ஆகவே அம்பு வரும்போது மானின் நெஞ்சு நீங்கள் குறிபார்த்த இடத்தைவிடக் கீழே போயிருக்கும். அம்பு முதுகுக்கு மேலே கடந்துபோகும், அல்லது அதைவிட மோசமாக முதுகுத் தசையில் பட்டு நிற்கும்.

எவ்வளவு கீழே போகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாணொலி காதில் விழுந்த பிறகு மான் அசையத் தொடங்க 0.1 நொடி ஆகிறது என்றும், அதன் பின் அதன் உடல் தரையை நோக்கித் தடையின்றி விழும் பொருளின் வேகத்தில் தாழ்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நொடிக்கு 280 அடி செல்லும் அம்பு 20 கஜத்தைக் கடக்க 0.21 நொடி எடுக்கிறது, நாணொலிக்கு 0.05 நொடி போதும். இடைவெளியில் 0.1 நொடியைக் கழித்தால் மான் தாழ்வதற்குக் கிடைப்பது 0.06 நொடி, அதற்குள் அது ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே தாழும். 30 கஜத்தில் ஏறத்தாழ 4 அங்குலம் தாழ்ந்துவிடும். 40 கஜத்தில் 9 அங்குலத்துக்கு மேல். 50 கஜத்தில் 17 அங்குலத்துக்கு மேல், அதாவது ஒன்றரை அடியை நெருங்குகிறது. தொலைவு இரண்டரை மடங்கு ஆகும்போது தாழ்வு இருபது மடங்குக்கு மேல் ஆவதைக் கவனியுங்கள். 30-க்கும் 40-க்கும் இடையே உள்ள 10 கஜம், 20-க்கும் 30-க்கும் இடையே உள்ள 10 கஜத்தைப் போன்றதல்ல.

மரபு வில்லாளர் இதே கணக்கைத் தம் வேகத்துக்குப் போட்டால், 20 கஜத்தில் மான் 6 அங்குலம் தாழ்ந்திருக்கும். காம்பவுண்டு வில்லில் 35 கஜத்தில் கிடைக்கும் விளைவு இது. அதனால்தான் எல்லையைக் கஜத்தில் பேசுவதைவிட நேரத்தில் பேசுவது பொருத்தம்: ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடிக்குள் அம்பு போய்ச் சேர வேண்டும் என்பதை ஒரு மேல்வரம்பாக வைத்துக்கொண்டால், 280 அடி வேக வில்லுக்கு அது 30 கஜத்தை ஒட்டியும், 180 அடி வேக வில்லுக்கு 20 கஜமாகவும் வரும்.

வேகமான வில் வாங்கினால் சிக்கல் தீருமா என்றால், அதிகம் தீராது. 280-லிருந்து 300 அடிக்கு வேகத்தைக் கூட்டினால் 40 கஜத்தில் மானின் தாழ்வு 2 அங்குலம் அளவுக்குக் குறையும். 280 அடி வில்லோடு 10 கஜம் நெருங்கினாலோ 5 அங்குலத்துக்கு மேல் குறையும். செலவழிக்க வேண்டியது பணத்தை அன்று, பரண் அமைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான உழைப்பை. சற்றுக் கனமான அம்பு, நாணில் கட்டும் ஒலியடக்கிகள், இறுக்கமாகப் பூட்டப்பட்ட துணைக்கருவிகள் ஆகியவை வில்லின் ஓசையைக் குறைக்கும் என்பதால் வேகத்தைவிட அவற்றில் கவனம் செலுத்துவது நல்லது. காம்பவுண்டு வில்லில் ஆற்றல் ஒரு பிரச்சினையே அன்று. 400 கிரெயின் (ஏறத்தாழ 26 கிராம்) எடையுள்ள அம்பு 280 அடி வேகத்தில் ஏறத்தாழ 70 அடி-பவுண்டு ஆற்றலைச் சுமந்து செல்கிறது, மானின் விலாவைக் கடக்க அதில் பாதியே தாராளம். "என் வில் 60 கஜத்திலும் ஊடுருவும்" என்பது உண்மையாக இருக்கலாம். கேள்வி எங்கே ஊடுருவும் என்பது.

எல்லா மானும் தாழாது என்பதையும் சொல்ல வேண்டும். காற்று இரைந்துகொண்டிருக்கும் நாளில், தலை குனிந்து மேயும் மான் நாணொலியைப் பொருட்படுத்தாமல் நிற்கக்கூடும். தொலைவு கூடக்கூட ஒலி மங்குவதால் 50 கஜத்தில் சில மான்கள் அசைவதே இல்லை. ஆனால் அவ்வளவு நேரத்தில் மான் எதற்கும் பயப்படாமலே ஓரடி எடுத்து வைக்கலாம். மெதுவாக, நொடிக்கு 3 அடி நடக்கும் மான்கூட 30 கஜத்து அம்பு வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ ஓர் அடி நகர்ந்துவிடும். நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றுக்குப் போய்விடும்.

25 கஜத்துக்கு மேல் பலரும் நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், இதயத்தை ஒட்டிக் குறிவைப்பார்கள். மான் தாழாவிட்டால் அம்பு இதயத்தில் படும், சில அங்குலம் தாழ்ந்தால் நுரையீரலில் படும். நல்ல பழக்கம்தான். ஆனால் எவ்வளவு தாழும் என்று ஊகித்து மானின் வயிற்றுக்குக் கீழே வெற்றிடத்தில் குறிவைக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த மான் உங்கள் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

நான்காம் படி: உங்கள் எண்ணை எழுதுவது

இப்போது மூன்று அளவுகள் கையில் இருக்கின்றன: முதல் அம்பு தவறாமல் தட்டுக்குள் விழும் தொலைவு, தூரத்தை ஓரிரு கஜத் துல்லியத்தில் அறியக்கூடிய தொலைவு, அம்பு மூன்றில் ஒரு நொடிக்குள் சேரும் தொலைவு. மூன்றிலும் சிறியதுதான் உங்கள் எண். சராசரி எடுக்கக் கூடாது. முதல் அம்பில் 45 கஜம் வரை தவறாதவருக்கும் மூன்றாவது அளவு 30 என்றால் அவருடைய எண் 30. அதை வில்லின் கைப்பிடிக்கு மேலே ஒரு நாடாவில் எழுதி ஒட்டிவைப்பவர்கள் உண்டு. பெரிய கொம்புள்ள ஆண் மான் 38 கஜத்தில் நிற்கும்போது மனம் ஆயிரம் சாக்குகளைக் கண்டுபிடிக்கும் என்பதால், அந்த நாடா பயனுள்ளது.

ஐந்தாம் படி: மான் நிற்கும் விதத்தைப் பார்ப்பது

மேலே சொன்ன எண், பக்கவாட்டில் அமைதியாக நிற்கும் மானுக்கானது. மான் சற்று விலகிச் செல்லும் கோணத்தில், பின்புறம் உங்களை நோக்கித் திரும்பியபடி நின்றால், எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கிக் குறிவைக்க வேண்டும். அம்பு விலாவின் பின்பகுதியில் நுழைந்து முன்னோக்கிச் சென்று நெஞ்சறையைக் கடக்கும். மிதமான கோணத்தில் இது பக்கவாட்டு நிலையைவிடவும் நல்லது என்பவர்கள் உண்டு, ஏனெனில் தோள் எலும்பு குறுக்கே வராது. கோணம் 45 பாகையைத் தாண்டும்போது நுழைவாயில் வேகமாகச் சுருங்குகிறது. அப்போது எண்ணைப் பாதியாக்குங்கள். மான் உங்களை நோக்கி வரும் கோணத்திலோ, நேருக்கு நேராகவோ, முழுவதும் பின்னே திரும்பியோ நின்றால் எந்தத் தொலைவிலும் எய்யக் கூடாது.

உயரத்திலிருந்து எய்யும்போது இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது தூரம். அம்பின் வீழ்ச்சியைத் தீர்மானிப்பது கிடைத்தூரம். மரத்தின் அடியிலிருந்து மான் நிற்கும் இடம் வரை தரையில் அளந்தால் வருவது அது. உங்கள் கண் மானின் நெஞ்சைவிட 20 அடி உயரத்தில் இருந்து, மான் 20 கஜத்தில் நின்றால், சாய்வாக அளக்கும் தூரமானி 21 கஜம் காட்டும், வேறுபாடு புறக்கணிக்கத்தக்கது. மான் 10 கஜத்தில் நின்றால் அது 12 கஜம் காட்டும். கோணத்தைச் சரிசெய்து காட்டும் தூரமானி இருந்தால் இந்தக் கவலை இல்லை.

இரண்டாவதுதான் முக்கியம். அதே உயரத்திலிருந்து 10 கஜத்து மானை நீங்கள் 34 பாகைச் சாய்வில் பார்க்கிறீர்கள். 5 கஜத்து மானை 53 பாகையில். செங்குத்தாக இறங்கும் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டுப் போகக்கூடும், ஒரு நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடிவிடும். ஆகவே தகுந்த தொலைவுக்கு மேல்வரம்பு இருப்பதுபோல் பரணிலிருந்து எய்பவருக்குக் கீழ்வரம்பும் உண்டு. நேர் கீழே வந்து நிற்கும் மானைச் சில அடி நகரவிட்டு எய்யுங்கள்.

குறுக்கே வரும் சிறு கிளைகளைப் பற்றியும் ஒரு சொல். பார்வைக்கோடு தெளிவாக இருந்தால் அம்பின் பாதையும் தெளிவு என்று பொருளாகாது. 280 அடி வேக வில்லில் 40 கஜத்துக்கு எய்யும் அம்பு, பாதி வழியில் பார்வைக்கோட்டைவிடச் சுமார் 7 அங்குலம் மேலே செல்கிறது. பல முள் குறிகாட்டி (ஒவ்வொரு தொலைவுக்கும் ஒரு குறிமுள் கொண்டது) வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு: தொலைவுக்குரிய முள்ளை மானின் மீது நிறுத்திக்கொண்டு, 20 கஜ முள் எதன் மீது விழுகிறது என்று பாருங்கள். 20 கஜத்தில் அந்த முள்ளுக்குப் பின்னே ஒரு கிளை இருந்தால், அம்பு அதில்தான் படும்.

ஆறாம் படி: அன்றைய கழிவுகள்

எழுதிவைத்த எண்ணிலிருந்து அன்றைய நிலைமைக்காக எவ்வளவு கழிப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. என் வழக்கம் இது: பக்கக்காற்று வில்லை அசைக்கும் அளவுக்கு இருந்தால் 5 கஜம், குளிரில் விரல்கள் மரத்திருந்தால் 5 கஜம், பல நாள் பயிற்சி விட்டுப்போயிருந்தால் 10 கஜம். மாலையில் நாணில் உள்ள பார்வைத்துளை வழியே மானின் விலாவையும் தோளையும் பிரித்தறிய முடியாமல், முள் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தால் அன்றைய வேட்டை முடிந்துவிட்டது. சட்டப்படி இன்னும் சில நிமிடம் மிச்சமிருந்தாலும் சரி. மழை வரும்போலிருந்தால் இரத்தத் தடம் கரைந்துபோகும் என்பதையும், அருகில் அனுமதியில்லாத நிலம் இருந்தால் அடிபட்ட மான் அதற்குள் ஓடக்கூடும் என்பதையும் சேர்த்துக் கணியுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கழிவு மானின் மனநிலைக்குரியது. தலையைக் குனிந்து, வாலை இடவலமாக மெல்ல ஆட்டிக்கொண்டு, காதுகளை ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் திருப்பியபடி மேயும் மான் அமைதியாக இருக்கிறது. எழுதிய எண் அதற்குப் பொருந்தும். தலையைச் சட்டென்று தூக்கி, இரு காதுகளையும் ஒரே திசையில் நிறுத்தி, முன்னங்காலை உயர்த்தித் தரையில் தட்டும் மான் ஏற்கெனவே பாதி ஓடத் தொடங்கிவிட்டது. தலையைக் குனிவது போலக் குனிந்து திடீரென்று நிமிர்ந்து பார்க்கும் மானும் அப்படித்தான்; அது உங்களைச் சோதிக்கிறது. நாம் 0.1 நொடி என்று வைத்த கணக்கு இத்தகைய மானிடம் செல்லாது. எச்சரிக்கையான மானுக்கு என் எல்லை 20 கஜம், உங்கள் எண் அதைவிடக் குறைவானால் அதிலும் பாதி.

நடந்துகொண்டிருக்கும் மானை நிறுத்த வாயால் "மே" என்று மெல்ல ஒலியெழுப்புவது வழக்கம். மான் நிற்கும், ஆனால் ஒலி வந்த திசையைப் பார்த்தபடி விழிப்போடு நிற்கும். நிற்கும் மான் நல்லது, விழித்த மான் கெட்டது. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதால் நெருக்கத்தில் மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள். மான் தானாகவே நிற்கும் இடத்தில், முகர்ந்து பார்க்கும் புதர் அருகிலோ பாதைகள் பிரியும் இடத்திலோ பரண் அமைத்தவருக்கு இந்தச் சங்கடம் பெரும்பாலும் வராது.

ஏழாம் படி: நாணை இழுப்பதும் விடுவதும் தனித்தனி முடிவுகள்

மானின் தலை ஒரு மரத்துக்குப் பின்னே மறையும்போதோ வேறு பக்கம் திரும்பும்போதோ நாணை இழுங்கள். இழுத்துவிட்டதால் எய்தாக வேண்டும் என்று எதுவும் இல்லை. முழு இழுப்பில் நின்றபடி நான்கு கேள்விகளை அதே வரிசையில் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டும்: வேலிக்கு உள்ளே நிற்கிறதா, பக்கவாட்டிலோ சற்று விலகியோ நிற்கிறதா, அமைதியாக இருக்கிறதா, அம்பின் பாதையிலும் மானுக்குப் பின்னாலும் எதுவும் இல்லையா. மானுக்குப் பின்னே இன்னொரு மான் நின்றால் அம்பு ஊடுருவிச் சென்று அதையும் காயப்படுத்தும். நான்கில் ஒன்றுக்கு "தெரியவில்லை" என்பது பதிலானாலும் எய்ய வேண்டாம்.

அருகிலிருக்கும் பக்கத்து முன்னங்கால் முன்னே நீண்டிருக்கும் கணத்துக்காகக் காத்திருங்கள். அப்போது தோள் விலகி விலாப்பகுதி திறக்கும். அதற்குள் முள் நெஞ்சுக்குள் நிற்காமல் வெளியே போய்ப்போய் வரத் தொடங்கினால் உங்கள் வலிமை தீர்ந்துவிட்டது. 80 விழுக்காடு பாரம் குறைக்கும் காம்பவுண்டு வில்லில் 60 பவுண்டு இழுவிசை முழு இழுப்பில் 12 பவுண்டாகக் குறையும் என்றாலும், குளிரில் ஒரு நிமிடத்தில் அதுவும் கனக்கும். எய்யாமல் நாணை மெல்லத் தளர்த்தி விடுவதை வீட்டிலேயே பலமுறை பழகுங்கள். பழகாதவர்களின் கைகளில் வில் திடுமென முன்னே குதித்து மானை விரட்டிவிடும்; அந்தப் பயத்தாலேயே எய்யக் கூடாத அம்பை எய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எய்த பிறகு

அம்பு பட்ட இடத்தையும் மான் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அம்பில் இளஞ்சிவப்பான, நுரைத்த இரத்தம் இருந்தால் நுரையீரல். குறைந்தது அரைமணி நேரம் காத்திருக்கலாம். கருஞ்சிவப்பு இரத்தம் கல்லீரலைக் காட்டும், நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். பச்சை நிறக் கறையும் நாற்றமும் இருந்தால் குடலோ இரைப்பையோ துளைபட்டிருக்கிறது. 8 முதல் 12 மணி நேரம் மானைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும், அவசரப்பட்டு விரட்டினால் அது பல மைல் போய்விடும்.

மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நின்ற இடத்திலிருந்து உண்மையான தூரத்தைத் தூரமானியால் மறுபடி அளந்து, நீங்கள் நினைத்த தூரம், குறிவைத்த இடம், அம்பு பட்ட இடம், மான் தாழ்ந்ததா இல்லையா ஆகியவற்றை முதல் அம்புகளின் பட்டியலிலேயே எழுதுங்கள். குறிவைத்த இடத்துக்கும் பட்ட இடத்துக்கும் இடையே 4 அங்குலத்துக்கு மேல் இருந்தால், மான் சில அடிகளிலேயே விழுந்திருந்தாலும் கூட, அடுத்த முறை காட்டுக்குப் போகுமுன் எண்ணை 5 கஜம் குறைத்து, மறுபடி 10 முதல் அம்புகளால் அதை மீட்டெடுங்கள்.